கையூன்றாமல்

மகள் வீட்டில் பேரனோடு கொட்டமடிக்கும் மகாராணிக்கு,

இன்று ஆஸ்பத்திரியில் கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து எழச் சொன்னார்கள். தையல் மிஷினை ஊன்றியே எழுந்து பழகியவன் அல்லவா, கை தானாக மேசையைத் தேடியது. கட்டிக்கொண்டால் தொடை நடுங்கியது, எழ முடியவில்லை.

“எச்.ஐ.வி. முத்திடுச்சாம்மா?” என்றேன்.

உடற்பயிற்சி சொல்லித்தரும் பெண் சிரித்தாள். “அது மாத்திரைக்கு அடங்கித்தான் கெடக்கு. தசை மட்டும் கொஞ்சம் சீக்கிரம் கரையும். வயசும் ஆச்சுல்லய்யா? தினமும் உக்காந்து எந்திரிங்க, தேறிடும்.”

எனக்கு வயதாகிவிட்டதாம். மகள் பள்ளிக்கூடம் போவதைக்கூடப் பார்க்க மாட்டேன் என்று நோய் தெரிந்த அன்றைக்கு டாக்டர் கைவிரித்தாரே, அந்த எனக்கு. வீடு வரும்வரை மெய்சிலிர்த்துக்கொண்டே இருந்தது.

வரும்போது என் தலைக்கு டை வாங்கி வராதே. நரை தெரியட்டும்.

உன்
கிழவன்