ஒச்சம்மாளின் பத்தொன்பது பிழைகள்

ராயபுரம், திருப்பூர்
21.9.1993

அன்பு மகள் நசீமாவுக்கு அம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அத்தாவும் நானும் சுகம், நீயும் விடுதியில் நேரத்துக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். நீ கிளம்பிய அந்த ஞாயிற்றுக்கிழமை, பஸ் வரும்வரை ஒரு மணி நேரம் பக்கத்திலேயே நின்றும் நான் ஒன்றைச் சொல்லவில்லை. பனியன் கம்பெனிப் பெண்களுக்கு நம் வீட்டு முன்னறையில் நான் நடத்தும் வகுப்பில், ஒச்சம்மாள் நோட்டில் நீ சிவப்பு மை போட்டது தப்பு என்பதை. அத்தனை பேர் முன்னால் உன் முகம் வாட வேண்டாம் என்று வகுப்பில் பேசாமல் இருந்தேன், பிறகு பஸ் ஸ்டாண்டிலும் ஏன் அப்படியே இருந்தேன் என்று தெரியவில்லை. உனக்கும் எனக்கும் பதினேழு வயதுதான் வித்தியாசம், சில நேரம் அம்மாவாகப் பேச எனக்கே கூச்சம்.

நீ கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. ஆசிரியர் பயிற்சியில் சொல்லிக் கொடுத்தபடி பத்தொன்பது பிழையையும் அடித்து மேலே சரியானதை எழுதிக் கொடுத்தாய். "யாத்தே, இம்புட்டு ஓட்டையா, அப்ப நான் ரிஜெக்ட் பீசுதான் தாயி" என்று அவர் சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள், நீயும் சிரித்தாய். அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. அவருடைய கம்பெனியில், பனியனில் ஓட்டை பார்த்துக் கழிக்கும் அவரது செக்கிங் பகுதிக்குப் பொறுப்பாளர் போடப் போகிறார்கள், வரும் வெள்ளிக்கிழமை முதலாளி முன்னால் அன்றாட அறிக்கையை எழுதிக் காட்ட வேண்டும், அதற்காகத்தான் உசிலம்பட்டியிலிருந்து பிழைக்க வந்த அந்த மனுஷி நாற்பத்திரண்டு வயதில் நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார் என்பது உனக்குத் தெரியாது.

நேற்று மாலை அவர் வீட்டுக்கே போனேன். "படிச்ச புள்ள பாத்துச் சொல்லிருச்சு டீச்சர், நமக்கு இது ஒட்டாது" என்றார். பனியனில் ஓட்டை பார்க்க யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டேன். "எவ சொல்லிக் குடுத்தா? நான் விட்ட பீசு எங்கிட்டயே திரும்பி வந்துச்சு, எங்கன இருக்குன்னும் சொல்ல மாட்டாக, கண்ணு நோக நானே தேடுனேன்" என்றார். செக்கிங்கில் பழுது கண்ட இடத்தில் ஒட்டுவார்களே அம்புக்குறி ஸ்டிக்கர், அதில் ஒரு தாள் அவர் வீட்டிலேயே இருந்தது, அதை எடுத்துவரச் சொல்லி, நான் கொண்டுபோன, வகுப்பில் கூடப் படிக்கும் வெள்ளையம்மாளின் நோட்டை அவர் மடியில் வைத்தேன். ஒன்பது இடத்தில் ஒட்டினார். அதில் மூன்று பிழையே இல்லை, தன் எழுத்து மாதிரி இல்லை என்பதற்காக ஒட்டியது. நான் வாய் திறக்கவில்லை. "இரு இரு டீச்சர்" என்று அவரே இரண்டைப் பிய்த்தெடுத்தார். அப்புறம் தன் நோட்டைத் திறந்தார். நீ திருத்திய பக்கத்தில் அவர் தேடுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை நசீமா.

நூலகத்தில் எடுத்துப் படித்த புத்தகங்கள் பலவிதமாகச் சொல்கின்றன, உன் கல்லூரியிலும் வேறு சொல்வார்கள், பரீட்சைக்கு அதையே எழுது. நான் நம்புவது, தன் தப்பைத் தானே பிடிக்கிற அந்தக் கணத்தில்தான் ஒருவர் கற்கிறார், அதைத் தட்டிப் பறிக்காமல் பக்கத்தில் இருப்பதுதான் என் வேலை. "சும்மா உக்காந்திருக்கறதுக்குப் பேரு டீச்சராக்கும்" என்று அத்தா கேலி செய்கிறார், செய்யட்டும். நான் மாற்றிக்கொள்ளப் போவதில்லை.

அத்தாவுக்கு முழங்கால் வலி தேவலை. ஈரத்தலையோடு வகுப்புக்குப் போகாதே. ஒச்சம்மாளுக்கு மறக்காமல் இரண்டு வரி எழுது, இப்போது அவருக்குப் படிக்கத் தெரியும். அல்லாஹ் உனக்கு நல்ல அறிவும் நீண்ட ஆயுளும் தரட்டும்.

உன் அம்மா
ஜெய்புன்னிசா

பி.கு. இதைத் தபாலில் சேர்க்காமல் வைத்திருந்தேன். வெள்ளிக்கிழமை ஒச்சம்மாள் போய் எழுதினார். எழுதியதைத் திரும்பப் படித்து நான்கு இடத்தைத் தானே அடித்துத் திருத்தியிருக்கிறார். அடித்தல் அதிகம் என்று சொல்லி, பத்தாவது படித்த வேறொரு பெண்ணுக்குப் பொறுப்பைக் கொடுத்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒச்சம்மாள் வகுப்புக்கு வந்தார்.