உன் உம்மா விட்டுப்போன மீன்

பிஸெர்த்தா,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் ஷிராஸுக்கு, வாப்பா எழுதுவது. அல்லாஹ்வின் அருளால் நான் இங்கே நலம். நீயும் மாப்பிள்ளையும் பேரனும் உன் உம்மாவும் லியோனில் சுகமாயிருக்க துஆச் செய்கிறேன். பேரன் பிறந்து நாலு மாதமாகிறது, பிள்ளைப்பேறு பார்க்கப் போன உன் உம்மா இன்னும் திரும்பவில்லை. கேட்டால் குளிர் என்கிறாய், குழந்தைக்குச் சளி என்கிறாய். சரி. இங்கே மழை விடவில்லை, சமையலறைச் சுவர் ஊறிக் கிடக்கிறது, முட்டையும் ரொட்டியும் தின்று காலம் தள்ளுகிறேன். அதை விடு.

உம்மாவின் மீனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்தச் செம்மஞ்சள் கிளிமூக்கு மீன் அவள் கூடத்துக்குள் வந்தாலே கண்ணாடியருகே நீந்தி வரும், என்னைக் கண்டால் தொட்டிக்குள்ளிருக்கும் மண்சட்டியில் ஒளிந்துகொள்ளும். அவள் போன பிறகு தீனி போட்டுவிட்டுக் கண்ணாடியைத் தட்டித் தட்டிக் கூப்பிட்டேன், வரவில்லை. தீனி அழுகித் தண்ணீர் கலங்கியது. பத்து நாளில் நிறமே வெளுத்துவிட்டது. செத்தால் அந்தப் பழியும் என் தலையில்தானே விழும் என்று, சந்தையில் வளர்ப்பு மீன் விற்கும் லுத்ஃபியிடம் போனேன். நான் சொல்லி முடிக்குமுன்பே, "அண்ணே, வீட்லயும் இப்படிச் சத்தமாத்தான் பேசுவீங்களா?" என்று கேட்டான். துறைமுகத்தில் முப்பது வருடம் இழுவைப் படகு ஓட்டியவன் வேறு எப்படிப் பேசுவான் என்றேன். அவன் சிரிக்கவில்லை. கண்ணாடியைத் தட்டக்கூடாது, கதவை அறையக்கூடாது, தொட்டியின் பின்பக்கம் காகிதம் ஒட்டி விளக்கைக் குறைத்துவிட்டு, தினமும் ஒரே நேரத்தில் தள்ளி நாற்காலி போட்டுச் சும்மா உட்கார வேண்டும், நாளுக்கு ஒரு சாண் நெருங்கினால் போதும் என்றான்.

உட்கார்ந்தேன் மகளே. வானொலியைக்கூட நிறுத்திவிட்டேன். முதல் வாரம் சட்டியின் வாயில் ஒரு கண் மட்டும் தெரிந்தது. பிறகு பாழாய்ப்போன தும்மல் ஒன்று வந்து எல்லாம் கெட்டது, திரும்பவும் வாசற்படியிலிருந்து ஆரம்பித்தேன். இருபத்தாறாம் நாள், என் விரல் நுனியில் பிடித்திருந்த இறால் துணுக்கை வந்து கவ்விக்கொண்டது. "ஹயாத், இங்க வந்து பாரு" என்று உன் உம்மாவைக் கூப்பிட்டுவிட்டேன். அந்தச் சத்தத்தில் மீன் மறுபடி சட்டிக்குள் போய்விட்டது.

அன்றுதான் உனக்குப் போன் செய்தேன். உம்மா தூங்குகிறாள் என்றாய். பின்னால் அவள் சிரிப்பது எனக்குக் கேட்டது. உன்மேல் கோபமில்லை, பொய் சொல்ல உன்னைப் பழக்கியதும் இந்த வீடுதான். நேற்று எதிர்வீட்டு நஜியா வந்தாள். தான் லியோனுக்குப் போவதாகவும், உம்மாவின் குளிர் உடுப்புகளையும் அவள் தாய்வீட்டு வளையல்களையும் கட்டித் தரும்படியும் சொன்னாள். எதற்கு என்றேன். "அவ திரும்பி வரமாட்டாண்ணே. போறப்பவே எங்கிட்டச் சொல்லிட்டா. உங்ககிட்டச் சொல்லத்தான் பயம்." நான் அவளை ஒருநாளும் கை நீட்டி அடித்ததில்லை, ஷிராஸ். அதை நஜியாவிடமும் சொன்னேன். "அடிக்கலதான். ஆனா நீங்க சாவி போடுற சத்தம் கேட்டா, பேச்சைப் பாதியில விட்டுட்டு எழுந்து போயிடுவா" என்றாள். அவள் போன பின் கதவை மெதுவாகத்தான் சாத்தினேன்.

துணிகளை நானே மடித்து வைத்திருக்கிறேன், கம்பளிச் சட்டைக்குள் வளையல்கள் இருக்கின்றன, உதறிவிடாதே. அவளை வரச் சொல்லி எழுதவில்லை, எப்படி எழுதினாலும் அதட்டுவது மாதிரித்தான் வருகிறது. பேரனுக்கு அல்லாஹ் நீண்ட ஆயுளைத் தருவானாக, உங்கள் வீட்டில் பரக்கத் நிறையட்டும். ஒன்று மட்டும் மறக்காதே: குழந்தை அழும்போது மாப்பிள்ளை குரலை உயர்த்தினால் நீ சும்மா இருந்துவிடாதே. உன் உம்மா அப்படி இருந்தது போதும்.

இப்படிக்கு,
உன் வாப்பா முன்ஸிஃப்