பத்தாவது அசைவு

நவம்பர் 11, செவ்வாய்
விடாத மழை. கடைக்கு லீவு சொன்னேன். முதலாளியின் முகம் போனிலேயே தெரிந்தது. தங்கச்சியோடு ஸ்கேன். டிலானிக்கு இன்று முப்பத்தாறு வாரம். பிள்ளை இன்னும் குந்திக்கொண்டுதான், தலை மேலே. டொக்டர்: "திரும்ப இன்னும் நேரம் இருக்கு. இல்லாட்டி ஒப்பரேஷன்." டி. அங்கேயே அழுதாள். புருஷன் அன்ரன் கட்டாரில். வயிற்றைக் கிழித்தால் தன்னை யார் பார்ப்பது என்று பயம். நான் எதற்கு இருக்கிறேன்?
அசைவு அட்டையை மறக்க வேண்டாம் என்று மிட்வைஃப் மிஸ் மறுபடி சொன்னார். காலை ஒன்பதிலிருந்து எண்ணி, பத்தாவது அசைவு எத்தனை மணிக்கு என்று தினமும் எழுத வேண்டும்.
வாங்க: தோடம்பழம், மெழுகுதிரி, எனக்குச் செருப்பு.

நவம்பர் 13, வியாழன்
வெயில். பிள்ளையைத் திருப்பும் வேலை. இடுப்புக்குக் கீழே மூன்று தலையணை. அடிவயிற்றில் போனை வைத்து மாதா பாட்டு. சத்தம் வரும் பக்கம் தலை வருமாம், கீழ் வீட்டு மெரினா அக்கா சொன்னது. டி.: "பாட்டுக் கேட்டுத் திரும்பிறதுக்கு இது உங்கட ஆள் இல்ல அக்கா, அன்ரன்ட ஆள்." சிரிப்பில் போன் கீழே விழுந்தது.
அட்டை: 10.20. அவளே எழுதினாள்.

நவம்பர் 14, வெள்ளி
காலை எட்டு மணி. டி. கத்த, அடுப்பை அணைக்காமல் ஓடினேன். வயிறு ஒரு பக்கம் மேடு கட்டி, உள்ளே பெரிய புரளல். "திரும்பிட்டு அக்கா, திரும்பிட்டு!" தொட்டுப் பார்த்தேன். விலாவுக்குக் கீழே இருந்த உருண்டையைக் காணோம். இரண்டு பேரும் அழுதோம். குழம்பு அடிப்பிடித்தது. போகட்டும். அந்தோனியாருக்கு மெழுகுதிரி.

நவம்பர் 16, ஞாயிறு
புழுக்கம். பூசைக்கு நான் மட்டும். டி. சோர்ந்து படுத்தபடி: "பிள்ளை அமைதியா இருக்கு அக்கா." நான்: "தலை இறங்கினா உள்ள இடமில்லத்தானே. அப்பிடித்தான்." எல்லோரும் சொல்வது. மெரினா அக்காவும் ஓம் என்றார்.
அட்டையைப் பார்த்தேன். வெள்ளியிலிருந்து வெறுமை. பிள்ளை திரும்பிய சந்தோஷத்தில் விட்டுவிட்டோம். நாளைக்கு மிஸ் வீட்டுக்கு வருகிறார், பார்த்தால் டி.க்கு ஏச்சு. நானே எழுதிவிட்டேன். 10.15, 10.40, 10.30. பள்ளிக்கூடத்திலும் அவளுடைய வீட்டுவேலை என் கையெழுத்தில்தான் போகும்.

நவம்பர் 17, திங்கள்
காலையில் மிஸ். டி. அப்போதுதான் கண்ணயர்ந்திருந்தாள். வாசலிலேயே அட்டையைக் காட்டினேன். "நல்லா இருக்குத்தானே. தலையும் திரும்பிட்டு எண்டா எழுப்ப வேணாம். புதன் கிளினிக்குக்குக் கூட்டிட்டு வாங்க." தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார். எனக்கு ஒரு வேலை முடிந்த நிம்மதி.

நவம்பர் 19, புதன்
கிளினிக்கில் துடிப்புக் கேட்கும் கருவியை வயிற்றில் இங்கே வைத்தார்கள், அங்கே வைத்தார்கள். பிறகு ஆஸ்பத்திரி. டொக்டர் ஸ்கேன் திரையை எங்கள் பக்கம் திருப்பவில்லை. இதயத் துடிப்பு இல்லை.
டி. கேட்டாள்: "தலை கீழதானே டொக்டர்?"
"ஓம். தலை சரியாத்தான் இருக்கு."
எழுத முடியவில்லை.

நவம்பர் 20, வியாழன்
வலி வர மருந்து. சாதாரணமாகப் பெறுவதுதான் அவளுக்கு நல்லதாம். துணைக்கு ஒரு பெண் நிற்கலாம். நின்றேன்.
8.00: கருப்பை வாய் இரண்டு செ.மீ.
12.00: நாலு. என் கையைக் கடித்தாள்.
2.30: ஏழு. வாந்தி. "அம்மா" என்று கத்தினாள். அம்மா போய் எட்டு வருஷம்.
3.40: பத்து.
"தவ டிக்காய் நங்கி, தவ டிக்காய்." இன்னும் கொஞ்சம்தான் தங்கச்சி என்று சிங்கள நர்ஸ் சொல்லிக்கொண்டே கண்ணைத் துடைத்தார். முகம் கீழே பார்த்தபடி தலை வந்தது. தானாகவே பக்கவாட்டில் திரும்பியது. ஒரு தோள், மற்றத் தோள். எல்லாம் ஒழுங்கு. பிள்ளைக்குப் பின்னால் கால் மணியில் இளங்கொடியும் விழுந்தது.
பெண். தலை நிறைய முடி. பக்கத்துத் திரைக்குப் பின்னால் வேறு பிள்ளை அழுதது.

நவம்பர் 22, சனி
அடக்கம். டி. வார்டில். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு த்ரீவீலரில் நானும் மெரினா அக்காவும். பாரமே இல்லை.
பிறகு வார்டுக்குப் போனேன். டொக்டர் அட்டையைப் புரட்டி டி.யிடம்: "ஞாயிறு வரைக்கும் அசைவு நல்லா இருந்திருக்கு. இப்பிடித் திடீரெண்டு நடக்கும். உங்களில பிழையில்ல." திங்களும் செவ்வாயும் ஏன் எழுதவில்லை என்று என்னிடம் கேட்டார். மறந்துவிட்டோம் என்றேன். நான் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை. மற்றதற்கு வாய் திறக்கவில்லை. பாவி நான்.

நவம்பர் 24, திங்கள்
வீட்டில். மழை. டி.க்குப் பால் கட்டிச் சட்டையெல்லாம் ஈரம். "இது ஆருக்கு அக்கா?" துணியால் இறுக்கிக் கட்டிவிட்டேன்.
"அசைவு எப்ப நிண்டதெண்டு அன்ரன் கேட்டவர். டொக்டர் சொன்னதைச் சொன்னனான்."
அதற்கு மேல் தாங்கவில்லை. சொல்லிவிட்டேன். அந்த மூன்று நேரமும் நான் எழுதியது, மிஸ்ஸை வாசலோடு அனுப்பியதும் அதைக் காட்டித்தான்.
சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "தெரியும் அக்கா. மிஸ் போனாப் பிறகு நானும் எடுத்துப் பாத்தனான். பிள்ளை அசையேல்ல எண்டு எனக்குப் பயமா இருந்திச்சு. அதில மூண்டு நேரம் எழுதிக் கிடந்திச்சு. நீங்க எழுதினது எண்டு தெரியும். எண்டாலும் அதைப் பாக்க ஆறுதலா இருந்திச்சு."
அட்டையை எடுத்துவரச் சொன்னாள். டொக்டரிடம் சரியாகக் காட்ட வேண்டுமாம். மூன்று நேரத்தையும் வெட்டினாள். பக்கத்தில் தன் கையெழுத்தில்: எண்ணவில்லை. எண்ணவில்லை. மூன்றாவதில் மை நின்றுவிட்டது. என் பேனாவைக் கொடுத்தேன்.