அப்பா அடுக்கிய பொய்க்கரி

அன்புள்ள ஈவானுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நம் சுரங்க ஊர் ரோந்தாவில் நாங்கள் எல்லோரும் நலம், வழக்கத்துக்காக அப்படி எழுதவில்லை, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துவிட்டே எழுதுகிறேன். பெர்த்தில் நீயும் சுகமாக இருக்க வேண்டும், வெயிலில் தொப்பி இல்லாமல் அலையாதே. இப்போது விஷயத்தைக் கேள், உன் அம்மா ஜெயித்துவிட்டாள், அதுவும் உன் அப்பாவிடம்!

முன்னறையில் நிலக்கரி அடுப்பை எடுத்துவிட்டுக் காஸ் கணப்பு வைத்தோம் அல்லவா, அடியில் எரிவது காஸ், மேலே அழகுக்கு இருப்பதெல்லாம் பீங்கானில் செய்த பொய்க்கரி. எந்தத் துண்டு எங்கே இருக்க வேண்டும் என்று படம் போட்டே கொடுத்திருந்தார்கள். ஆயுள் முழுக்கச் சுரங்கத்தில் கரி வெட்டியவர் படத்தைப் பார்ப்பாரா? சனிக்கிழமைதோறும் எல்லாவற்றையும் வெளியே எடுத்து, நிஜக் கரியைக் குவிக்கிற மாதிரி நெருக்கி அடுக்கி, போதாதென்று கூடுதலாகச் சில துண்டுகளையும் மேலே வைப்பார். சுடர் மஞ்சளாக நீண்டு எழும்பும், தெருவே வந்து மெச்சும். உன் நெஸ்டா அத்தை இன்னும் ஒருபடி மேலே, ஆரஞ்சுத் தோலையும் மிட்டாய்த் தாளையும் அதில்தான் எறிவாள்.

குளிர் தொடங்கியதிலிருந்து மாலையானால் எனக்குத் தலை கனத்தது, குமட்டியது. தேவாலயத்தில் பாடப் போனால் சரியாகிவிடும், வீட்டுக்கு வந்து கணப்பின் முன் உட்கார்ந்தால் மறுபடியும் அதே பாடு. சுவரிலும் கரி படிய ஆரம்பித்தது. உன் தங்கை லவ்ரி கிறிஸ்துமஸுக்குக் கைக்குழந்தையோடு வருகிறாள், வெதுவெதுப்பான அறை என்று தொட்டிலை அங்கேதான் போடப்போகிறோம் என்று நினைத்ததும் எழுந்துவிட்டேன். போய்க் காஸ் குழாயை மூடிவிட்டேன். அப்பா குதித்தார். "எனக்கே வாயுவப் பத்திப் பாடம் எடுக்குறியா? பூமிக்கடியில பழகின மூக்குடி இது!" என்றார். "மூக்குக்குத் தெரியுற வாயுன்னா நான் ஏன் பயப்படுறேன்?" என்றேன். "பாடிப் பாடி உங்களுக்கு மண்டை காஞ்சுபோச்சு அண்ணி" என்று நெஸ்டா சிரித்தாள். சிரிக்கட்டும் என்று விட்டேன். ஒரு வாரம் மூவரும் கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம், நான் அசையவில்லை.

உரிமம் உள்ள காஸ் பொறியாளர் ஒருத்தியை வரவழைத்தேன். அவள் கணப்புக்குள் ஒரு புகை வில்லையைக் கொளுத்தி வைத்தாள். மேலே புகைபோக்கிக்குள் போக வேண்டிய புகை, திரும்பி எங்கள் முகத்துக்கே வந்தது! மேலே காக்கைக் கூடு அடைத்திருக்கிறது, கீழே நெருக்கி அடுக்கிய கரி சுடரைச் சரியாக எரியவிடவில்லை. "புகை கண்ணுக்குத் தெரியுது. காஸ் சரியா எரியலைன்னா வர்ற நச்சு வாயுவுக்கு நிறமும் இல்ல, வாசமும் இல்ல, அதுவும் இப்படித்தான் ரூமுக்குள்ள திரும்பியிருக்கும்" என்றாள். அப்பா ஜன்னலை எல்லாம் திறந்து, தேநீர்க் கோப்பையோடு உட்கார்ந்திருந்த நெஸ்டாவை அப்படியே முற்றத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார். பிறகு கரித்துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவர், "கிளெனிஸ், எங்கப்பாவ சுரங்கத்துல கொன்னதும் இதே வாயுதான். அத நானே வீட்டுக்குள்ள அடுக்கி வச்சிருக்கேனே" என்றார். எனக்கு ஆடவும் தோன்றியது, அழவும் தோன்றியது, இரண்டையும் செய்தேன்.

இப்போது புகைபோக்கி சுத்தம், சுவரில் நச்சு வாயு வந்தால் அலறும் எச்சரிக்கை மணி, கரி படத்தில் இருக்கிறபடி. அப்பாவே கண்ணாடி போட்டுக்கொண்டு சரிபார்க்கிறார். நெஸ்டா ஆரஞ்சை உரித்தாலே, "கைய எடு, அது குப்பைத்தொட்டி இல்ல!" என்கிறார். காற்று வரும் துவாரத்தில் குளிருக்காக அவள் செருகிய செய்தித்தாளையும் உருவி எறிந்துவிட்டார். தேவாலயத்தில் எல்லோரிடமும், "என் வீட்டுக்காரி சொல்றதக் கேளுங்க, உயிரோட இருப்பீங்க" என்று அவரே சொல்லிக்கொண்டு திரிகிறார். நானும் மறுக்கவில்லை!

இப்போது கோடை காயும் உங்கள் ஊரில் குளிர்காலம் வருமுன் உன் காஸ் ஹீட்டரையும் உரிமம் உள்ளவரை வைத்துப் பார்த்துவிடு, வருஷம் ஒருமுறை கட்டாயம். எச்சரிக்கை மணியும் வாங்கி மாட்டு. எங்கள் இருவரின் ஆசியும் உனக்கு என்றும் உண்டு. லவ்ரி வந்துவிட்டாள், குழந்தை மாலி கணப்பு அறையில்தான் தூங்குகிறாள். இன்று காலை அவள் வீரிட்டு அழுத சத்தத்தில் தெருவே எழுந்துவிட்டது, பக்கத்து வீட்டார் கதவைத் தட்டினார்கள். அப்பா வாசலில் நின்று, "எங்க வீட்டுப் பிள்ளை மூச்சு அப்படி!" என்றார்.

அன்புடன் உன் அம்மா,
கிளெனிஸ்