நகராத தரையில் ஓடியது

மார்ச் 3
நெஞ்சுவலி வந்து, இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்று பரிசோதனை முடிந்ததும் டாக்டர் அம்மா சொல்லிவிட்டார்: “இதயம் நல்லாயிருக்கு. இன்னும் எவ்ளோ நாளைக்கு ட்ரெட்மில்லுல சுவத்தைப் பாத்துட்டே ஓடுவீங்க? வெளில மெதுவா ஆரம்பிங்க.”
 திரும்பிவந்து வீட்டுப் பூட்டைத் திறக்கும்போது என் மனைவி சொன்னாள்: “வீட்டுல ஓடினா, விழுந்தா சத்தமாவது எனக்குக் கேக்கும்.”


மார்ச் 5
ட்ரெட்மில்லில் அரைமணி. பெல்ட் சத்தம் கொஞ்சம் மாறினாலும் கையில் கரண்டியோடு வந்து நிற்கிறாள்.

மார்ச் 9
வெளியில் முதல் ஓட்டம். ஓட்டமா அது? மெஷினில் அரைமணி நேரம் அலட்டிக்கொள்ளாமல் ஓடுகிறவனுக்கு மருந்துக்கடை முனைக்குள்ளேயே நாக்குத் தள்ளிவிட்டது. இங்கே தரை நகர்வதில்லை. முழு உடம்பையும் நானே தூக்கிக்கொண்டு போகவேண்டியிருக்கிறது. எதிர்காற்று வேறு.
விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நெஞ்சில் படபடப்பு. வெறும் மூச்சிரைப்பா, இல்லை — அதுவா? இந்த வயசுல எனக்கு எதுக்கு இந்த வேலை?
நடந்தே திரும்பினேன். வாசலில் நின்றிருந்தாள்.  தண்ணீர் கொடுத்தாள்.

மார்ச் 10
போகவில்லை.

மார்ச் 12
நான் லிஃப்ட் மெக்கானிக். நெஞ்சுவலிக்குப் பிறகு ஆபீசில் உட்காரவைத்துப் புகார் போன் எடுக்கச் சொல்லிவிட்டார்கள். பக்கத்து மேசையில் கணக்கு எழுதும் பெண் தினமும் ஓடுகிறவள் என்று இன்றுதான் தெரிந்தது. மருந்துக்கடை கதையைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.
“எடுத்த எடுப்பிலேயே பறந்திருப்பீங்க சார். மெஷின்ல வேகத்தை அது பாத்துக்கும். வெளில நீங்கதான் பிரேக். பேசிட்டே ஓட முடியணும். முடியலன்னா நடங்க, அப்புறம் ஓடுங்க.”
பேசுவதா? யாரோடு?

மார்ச் 15
என்னோடேயே பேசினேன். லிஃப்டின் பாகங்களை மேலிருந்து கீழாகச் சொல்லிக்கொண்டே ஆமை வேகத்தில் போனேன். கைவீசி நடந்துபோன ஒருவர் என்னைத் தாண்டினார். போகட்டும். மருந்துக்கடை எனக்குப் பின்னால் போய்விட்டதே.

மார்ச் 23
முழங்காலுக்குக் கீழே எலும்பு ஓரமாக வலி. சாலை பெல்ட் மாதிரி விட்டுக்கொடுக்காது. ஒருநாள் விட்டு ஒருநாள் ஓடினால் போதும் என்கிறாள் கணக்குப் பெண்.
வீட்டில் மனைவி எண்ணெய் தேய்த்துவிட்டாள், திட்டிக்கொண்டே. “பொழைச்சு வந்த உசுரை ரோட்டுல போட்டுட்டு வாங்க.” வாய்தான் திட்டியது. கை பதமாகத்தான் தேய்த்தது.

ஏப்ரல் 11
ரயில் மேம்பாலத்தின் ஏற்றம். பாதியில் நடந்தேன், மறுபடி ஓடினேன். உச்சியில் நெஞ்சு திம்திம்மென்று அடித்தது. பயம் வரவில்லை. ஒழுங்காக ஓடுகிற மோட்டாரின் சத்தம் எனக்குத் தெரியாதா? வாழ்நாள் முழுக்க அதைத்தானே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.
மேலே யாரும் இல்லை. வாய்விட்டுச் சிரித்தேன்.

மே 6
இதை எழுதியே ஆகவேண்டும்.
மதியம் ஒரு போன். அடுத்த தெருவில் ஒன்பது மாடிக் கட்டடம். லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுவிட்டது. உள்ளே கைக்குழந்தையோடு ஒரு பெண். எங்கள் ஆட்கள் எல்லோரும் ஊரின் அந்தக் கோடியில். மேலாளர் என்னைப் பார்த்தார், உடனே பார்வையை மாற்றிக்கொண்டார். நானே சாவியை எடுத்தேன்.
மோட்டார் அறை மொட்டைமாடியில். ஓடவில்லை, அவசரப்படவில்லை. மாடிக்கு மாடி லிஃப்ட் கதவருகே குரல் கொடுத்துக்கொண்டே ஏறினேன். “பயப்படாதீங்கம்மா. வந்துட்டேன். நீங்க உள்ள பத்திரமாத்தான் இருக்கீங்க.” மேலே போனதும் மின்சாரத்தை நிறுத்தினேன். பிரேக்கைத் தளர்த்தி, கையாலேயே சக்கரத்தைச் சுற்றி லிஃப்டை மாடி மட்டத்துக்குக் கொண்டுவந்தேன்.  இறங்கிவந்து கதவைத் திறந்தபோது குழந்தை நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது. அம்மாதான் அழுதுகொண்டிருந்தாள்.
“நீங்க பேசிட்டே வந்தீங்கண்ணா, அதான் தாக்குப்பிடிச்சேன்” என்றாள்.
மேலாளர் சாயங்காலம் கேட்டார்: “நாளையிலேர்ந்து பழைய வேலைக்கே வர்றீங்களா?”
வருகிறேன் என்றேன்.  
வீட்டில் மனைவியிடம் சொன்னபோது அடுப்பை அணைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.
“ஒன்பது மாடியா?”
“ஒன்பதுதான்.”
“நடுவுல மூச்சு வாங்க நிக்கலையா?”
“குரல் கொடுக்கத்தான் நின்னேன்.”
எழுந்துபோனாள். சற்று நேரத்தில் அவள் தங்கைக்குப் போன் போட்டு இதையே சொல்வது கேட்டது. அதற்குள் கட்டடம் பன்னிரண்டு மாடி ஆகியிருந்தது.

மே 19
மனைவி தன் தங்கை வீட்டுக்குப் போயிருக்கிறாள். வர மூன்று நாள் ஆகும். எனக்கு உடம்பு முடியாமல் போனதிலிருந்து ஒரு ராத்திரிகூட என்னைத் தனியாக விட்டதில்லை.
பஸ் ஏற்றிவிடப் போனேன். மாத்திரையைப் பற்றிச் சொல்வாள், பக்கத்து வீட்டு எண்ணைக் கொடுப்பாள் என்று காத்திருந்தேன். பஸ் நகரும்போது ஜன்னல் வழியாகச் சொன்னது இவ்வளவுதான்:
“ஓடிட்டு வந்து ஈர பனியனைக் கட்டில் மேல போட்டு வெக்காதீங்க.”
போடவில்லை. கொடியில் காய்கிறது.