மலையில் கேட்ட துஆ

வெள்ளி, இரவு

இனிச் செய்ய வைத்தியம் இல்லையென்று டாக்டர் காலையில் என் கணவரிடமே சொல்லிவிட்டார். மெதுவான பிரெஞ்சு. எனக்கும் விளங்கியது.

வேலைக்குப் போகவில்லை. கோட்-டெ-நெய்ஜ் ஆஸ்பத்திரியில் இவருடைய கட்டிலருகிலேயே இருந்தேன். மத்தியானம் ஊரிலிருந்து என் கூடப்பிறந்த நானா போன் எடுத்தார். எங்கள் மலையுச்சித் தர்ஹாவில் இன்று கந்தூரி விழா. இவரோடு பேச வேண்டும் என்றார். ஸ்பீக்கரில் போட்டேன்.

"மச்சான், எங்கெங்கயோ இருந்து சனம் வந்திருக்கு. உங்கட பேரச் சொல்லி துஆ கேட்டம். மழைக்குள்ள நிண்டு எல்லாரும் ஆமீன் சொன்னாங்க. இப்ப எப்படி இருக்கு?"

இவர் என்னைப் பார்த்தார்.

"நல்ல சுகம் மச்சான். எல்லாருக்கும் சலாம் சொல்லுங்க."

நானா அழுதுவிட்டார், சந்தோஷத்தில்.

போனை வைத்ததும், "ஏன் அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"அவ்வளவு தூரம் ஏறி வந்த சனத்துக்கிட்ட வேற என்னத்தச் சொல்ற?"

சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

நானாவிடம் உண்மையைச் சொல்ல வேண்டியவள் இனி நான்தான். எப்படிச் சொல்வேன்?

இரவு இஷா தொழுதுவிட்டுக் கையேந்தினேன். இவருக்குச் சுகம் கேட்க வாய் வரவில்லை. கையை இறக்கிவிட்டு எழுந்தேன்.