சந்தனம் வைத்த காது

24 செப்டம்பர் 2025, புதன்

காலாண்டுப் பரீட்சை பேப்பர் இன்னொரு கட்டு. யாரோ நடத்திய கணக்குக்கு நான் மார்க் போட்டுக்கொண்டிருக்கிறேன். காது போனதிலிருந்து லைப்ரரி மூலைதான் என் வகுப்பு. காக்ளியர் இம்ப்ளாண்ட் ஆபரேஷன் ஆகி ஒரு வருஷம் ஓடிவிட்டது. மண்டைக்குள் ஒன்று, காதுக்குப் பின்னால் ஒரு மெஷின். ஆரம்பத்தில் எல்லாரும் தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசினார்கள். இப்போது மனுஷக் குரலாகக் கேட்கிறது. அப்புறம் எனக்கு எதுக்கு மூலை?

ஹெச்.எம். சாமுண்டீஸ்வரி மேடத்திடம் நேராகவே கேட்டேன். என் ஏழாவது 'பி'யைத் திருப்பிக் கொடுங்கள் என்று.

"லீவு முடிஞ்சு முதல் நாள் ஒரு கிளாஸ் எடுங்க கோகிலா. நான் பின்னாடி உக்காந்து பாக்கறேன். பாத்துட்டு முடிவு பண்ணலாம். அந்த மெஷினை மட்டும் முடியை இறக்கி விட்டு மறைச்சுக்குங்க. பேரன்ட்ஸ் கேப்பாங்க."

கேட்கட்டுமே. கொண்டைதான் போடப்போகிறேன்.

28 செப்டம்பர், ஞாயிறு

நானும் வீட்டுக்காரரும் சிட்லபாக்கம் ஏரிக்கரையில் நடந்தோம். அவர் பின்னாலிருந்து மெதுவாக "கோகிலா" என்று கூப்பிட்டுப் பார்க்கிறார். டெஸ்டாம்! காதில் விழுந்தும் நான் திரும்பவில்லை. மனுஷன் பதறிக்கொண்டு ஓடி வந்தார். நல்லா ஓடட்டும்.

1 அக்டோபர், புதன்

ஆயுத பூஜை. குளித்துவிட்டு வந்தால் மேஜை மேல் மெஷினைக் காணோம். பூஜையில் உட்கார்ந்திருக்கிறது! அவருடைய ஸ்பேனர், அரிவாள்மணை, என் ஜாமெட்ரி பாக்ஸ், நடுவில் என் காது. சந்தனம் பூசி, மைக் ஓட்டை மேலேயே குங்குமப் பொட்டு.

மாமியார் தாயாரம்மாள் கை கூப்பி நிற்கிறார். வாயசைவைப் பார்த்துப் புரிந்துகொண்டேன். "நாளைக்குப் பூஜை ஆகற வரைக்கும் எடுக்கக் கூடாதும்மா. ஆயுதத்துக்கும் ஓய்வு வேணும்ல?"

ஸ்பேனருக்கு ஓய்வு குடுங்க. இது என் காது! வெடுக்குன்னு எடுத்துட்டேன். அத்தை முகம் சுண்டிப்போச்சு. துடைச்சு மாட்டினா, எல்லாரும் போர்வைக்குள்ளேர்ந்து பேசற மாதிரி இருக்கு. எவ்ளோ கத்தினேன்னு எனக்கே தெரியல.

2 அக்டோபர், வியாழன்

ஆஸ்பத்திரிக்கு மெசேஜ் போட்டேன். மைக் மூடி மாற்ற அடுத்த வாரக் கடைசி ஆகுமாம். திங்கட்கிழமை கிளாஸ். "தள்ளிப் போடச் சொல்லேன்" என்கிறார் இவர். தள்ளினா அவ்ளோதான், ரிட்டயர் ஆகற வரைக்கும் லைப்ரரி. முடியாது.

அத்தை காபியை வைத்துவிட்டு, நான் நிமிர்ந்து பார்க்கும்வரை நின்றார். அப்புறம்தான் பேசினார். "உன் வேலைக்கு அதுதானே ஆயுதம்னு நெனச்சேன்." ஒரு வார்த்தை விடாமல் புரிந்தது. என் கோபம் இறங்கிவிட்டது. இப்படி நின்று, முகம் பார்த்துப் பேசினால் போர்வைக்குள்ளிருந்தும் புரிகிறதே!

6 அக்டோபர், திங்கள்

கொண்டை போட்டுக்கொண்டு போனேன். போர்டில் முதலில் கணக்கு இல்லை, ரூல். கை தூக்கு. எழுந்து நில். என் முகத்தைப் பார். அப்புறம் பேசு.

மெஷினைக் கழற்றிக் காட்டினேன். ஓரத்தில் இன்னும் சந்தனம். பூஜைக் கதையைச் சொன்னதும் வகுப்பே குலுங்கிச் சிரித்தது. மறுபடி மாட்டிக்கொண்டு பின்னம் ஆரம்பித்தேன். கைகள் எழுந்தன, முகம் பார்த்துக் கேட்டார்கள், பதில் சொன்னேன்.

பாதியில் பிள்ளைகள் எல்லாரும் பின்னால் திரும்பினார்கள். மேடம் ரெஜிஸ்டரால் வாயை மறைத்துக்கொண்டு ஏதோ கேட்கிறார். இவங்களும் டெஸ்டா? உடம்பெல்லாம் பத்திக்கிட்டு வந்துச்சு. போனா போகட்டும்னு போர்டைத் தட்டிக் காட்டினேன். "மேடம், இந்த கிளாஸ்ல யாரா இருந்தாலும் இதுதான் ரூல்."



மேடம் ரெஜிஸ்டரைக் கீழே வைத்தார். கை தூக்கினார். எழுந்து நின்றார்.

11 நவம்பர், செவ்வாய்

புது மூடி போட்ட மைக்கில் எல்லாம் பளிச்சென்று கேட்கிறது. ஏழாவது 'பி'யில் இன்றைக்கு ஒரே கூச்சல், தலை விண்விண் என்கிறது. "சத்தம் போடாதீங்கடா!" என்று கத்தினேன். இதைச் சொல்லி எத்தனை வருஷமாச்சு!

வீட்டுக்கு வந்ததும் மெஷினைக் கழற்றி அத்தை கையில் கொடுத்துவிட்டுப் படுத்தேன். ஆயுதத்துக்கும் கொஞ்சம் ஓய்வு வேண்டும்தான்.